மூளிக்காதின் மூச்சு

கை, முழங்கை, முந்தானை என்று எங்கே தட்டினாலும் தவிடு உதிரும் என்பதால் சந்தில் எல்லோருக்கும் அவள் தவிட்டக்கா. கட்டிய புருஷனே வெளியாட்களிடம் பேசும்போது, "அதைத் தவிட்டக்காகிட்ட கேளுங்க" என்றுதான் சொல்வான். வேறு ஒரு பெயர் இருப்பது, யாராவது காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால்தான் அவளுக்கே ஞாபகம் வரும்.

வீடும் மாட்டுக் கொட்டகையும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். இந்தப் பக்கம் கட்டில், அந்தப் பக்கம் தீனித் தொட்டி. மாடு தொட்டியில் மூக்கை இடித்தால் கட்டிலில் படுத்திருப்பவருக்குக் கேட்கும். வீட்டில் மூன்று பேர். புருஷன் பால் கேன்களைக் கழுவி ஏற்றி இறக்குவான், புல் அறுத்து வருவான். அவன் தங்கை கறப்பாள். கல்யாணம் வேண்டாம் என்று அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டவள், முப்பதைத் தாண்டியவள், கை எவ்வளவு மென்மையோ வாய் அவ்வளவு முரடு. தவிட்டக்கா தீனி வைப்பாள். தீனி விஷயத்தில் வேறு யாரும் கையை நீட்டக் கூடாது.

"பால் குறைஞ்சா எல்லாரும் மடியைத் தடவறாங்க. வாயைப் பாருங்க. எவ்வளவு தின்னுது, தின்னதை அசை போடுதா, அதுதான் பாலு" என்பாள்.

அவளுடைய முறை எளிமையானது, ஆனால் விட்டுக்கொடுக்காதது. பச்சைப் புல்லை மட்டும் போட மாட்டாள். காய்ந்த சோளத் தட்டையோடு சேர்த்து நறுக்கிக் கலந்துதான் போடுவாள். புதிய தீனிக்கு மாற்றுவதென்றால் பழையதில் ஒரு கை குறைத்துப் புதியதில் ஒரு கை கூட்டி, மாட்டுக்கே தெரியாமல் மாற்றுவாள். பிண்ணாக்கும் தவிடும் பாலைப் பொறுத்து. தாது உப்பு எல்லாவற்றுக்கும் உண்டு. தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டு, முதலில் தானே ஒரு கை அள்ளிக் குடிப்பாள். "நான் குடிக்க முடியாததை அது ஏன் குடிக்கணும்?" சாணத்தைக் குச்சியால் கிளறிப் பார்ப்பாள். மாட்டின் இடது பக்கம், இடுப்பெலும்புக்கு முன்னால் குழி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பாள். குழி விழுந்தால் அது சரியாகத் தின்னவில்லை.

நாத்தனார் இதை வைத்தே அவளைக் கிண்டல் செய்வாள். "அண்ணி, எனக்குத் தட்டுல போடும்போதும் உங்க கண்ணு என் இடது பக்கம்தான் போகுது."

"உனக்குக் குழி விழுந்தா ஊரு என்னைத்தான் கேக்கும்டி."

"ஊரு கேக்கட்டும். மாட்டுக்கு முன்னாடி எனக்குச் சோறு போட்டா அதுவே பெரிசு."

அந்த வீட்டில் அன்பு இப்படித்தான் பேசப்பட்டது.

கொட்டகையின் ராணி மூளிக்காது. கன்றாக இருந்தபோது ஏதோ நாய் கடித்து ஒரு காது பாதியாகிப் போன மாடு. பார்க்க லட்சணம் போதாது. பாலில் அதை மிஞ்ச வேறு மாடு இல்லை. சினையாகிப் பால் வற்றியிருந்த மாதங்களில் தவிட்டக்கா அதற்கு மற்ற மாடுகளைவிட இரண்டு மடங்கு தானியமும் தவிடும் வைத்தாள். பால் தராத மாட்டுக்கு எதற்கு இவ்வளவு என்று புருஷன் கேட்டான்.

"வயித்துல கன்னோட நிக்கிறவளுக்குப் போடாம உங்களுக்கா போடறது?"

மூளிக்காது கொழுத்து மினுமினுத்தது. வால் அடியில் விரல் வைத்தால் மெத்தென்று அமுங்கியது. அதைத் தடவிப் பார்ப்பதில் தவிட்டக்காவுக்கு ஒரு பெருமை. கன்றும் நல்லபடியாகவே போட்டது.

அதற்குப் பிறகுதான் அந்த வாசனை வந்தது.

முதலில் அவள் அதைப் பழம் என்று நினைத்தாள். மூடிய பெட்டிக்குள் மறந்துபோன பழம், கனிந்து, கனிந்ததற்கும் மேலே போய், இன்னும் அழுகாமல் நிற்கிற வாசனை. இனிப்பு, அதற்குள்ளே கூர்மையாக மூக்கைக் குத்தும் ஏதோ ஒன்று. கொட்டகையில் சாணமும் புல்லும் பாலும் மணக்கும். பழத்துக்கு அங்கே வேலை இல்லை. தீனி மூட்டைகளை நகர்த்திப் பார்த்தாள். கூரையின் இடுக்கில் கோலை விட்டுத் துழாவினாள். எதுவும் விழவில்லை.

கேன் எடுக்க வந்த பால் வண்டிக்காரன் வாசலிலேயே நின்று மோப்பம் பிடித்தான். "அக்கா, இந்தச் சந்துல பழக்கடைக்காரன் எவனாவது செத்தானா?"

"ஏன்?"

"கடையைத் திரும்ப இங்க போட்டுட்டான் போல இருக்கு."

சிரித்தார்கள். ஆனால் கேன் மூடியைத் திறந்தபோது அதே வாசனை பாலிலிருந்தும் வந்தது. அவன் சிரிப்பு நின்றது. மூடியை மெதுவாக மூடி, அந்தக் கேனை மட்டும் ஏற்றாமல் வைத்துவிட்டுப் போனான்.

அன்று மதியம் மூளிக்காது சுவரை நக்க ஆரம்பித்தது. ஒரே இடத்தை. கட்டிலுக்கு நேர் பின்னால் இருந்த இடத்தை. நாக்கு சுவரில் சரக் சரக் என்று உரசும் சத்தம் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. சுண்ணாம்பு உதிர்ந்து, செங்கல் தெரிந்து, நாக்கில் ரத்தம் கசிந்தும் நிறுத்தவில்லை. பிறகு சங்கிலியை நக்கியது. பிறகு எதையும் நக்கவில்லை, காற்றை மென்றது. வாயில் ஒன்றுமே இல்லாமல் தாடை மட்டும் அரைத்துக்கொண்டிருந்தது. தவிட்டக்கா தொட்டியில் போட்ட தீனி போட்டபடி கிடந்தது.

சாயங்காலம் அது நெற்றியைச் சுவரில் பதித்து நின்றது. முட்டவில்லை, சாய்ந்து நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதைக் கேட்கிறாற்போல. தவிட்டக்கா பக்கத்தில் போய்க் கண்ணெதிரே கையை ஆட்டினாள். கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. பக்கத்து மாடுகள் கயிறு விட்ட தூரம்வரை விலகி, மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன.

"அண்ணி, இது நம்ம மாடு மாதிரியே இல்ல" என்றாள் நாத்தனார். பால் சொம்பை இடுப்பில் இடுக்கியபடி கதவருகிலேயே நின்றாள். "உள்ள வேற யாரோ நிக்கிற மாதிரி இருக்கு."

"வாயை மூடுடி. டாக்டருக்குப் போன் போடு."

மாட்டு டாக்டர் வந்து வாசலில் செருப்பை மாற்றும்போதே மோந்துவிட்டார். மாட்டின் மூத்திரத்தில் ஒரு சின்னப் பட்டையை நனைத்தார். அது ஊதா நிறமாக மாறியதைத் தவிட்டக்காவிடம் காட்டினார்.

"பட்டினிம்மா இது."

அவளுக்குச் சுருக்கென்றது. "என் கொட்டகையிலயா? பட்டினியா?"

"நீங்க போடலைன்னு சொல்லல. அதால திங்க முடியல. வத்தின காலத்துல கொழுக்க வெச்சுட்டீங்க. கொழுத்த மாட்டுக்குக் கன்னு போட்டதும் பசி எடுக்காது. ஆனா மடி சும்மா இருக்குமா? பாலைக் கேக்கும். திங்கறது பத்தலைன்னா உடம்புக் கொழுப்பை எடுத்து உருக்கும். அப்படி உருகறப்ப வர்ற வாசனைதான் இது. ரத்தத்துல சர்க்கரை போதல."

கழுத்து நரம்பில் குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டார். வாய்வழியாகக் கொடுக்க ஒரு மருந்தும், கலக்கிக் கொடுக்கக் குளுக்கோஸ் பொடியும் தந்தார். வற்றிய மாட்டுக்கு இனித் தானியத்தைக் குறைத்து நார்த் தீனியைக் கூட்ட வேண்டும், கன்று போடும் நாள் நெருங்கும்போது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். தவிட்டக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மனதில் நின்றது ஒன்றுதான்: பட்டினியின் வாசனை இனிப்பு, அதற்கு மருந்தும் இனிப்பு.

மூளிக்காது தேறியது. கண்ணில் வெளிச்சம் வந்தது. புல்லை மோந்தது, ஒரு வாய் கவ்வியது, பிறகு தொட்டியே காலியானது. ஒவ்வொரு வேளையும் தவிட்டக்கா அதன் வாயருகே மூக்கை வைத்துப் பார்த்தாள். வாசனை குறைந்துகொண்டே வந்து, இல்லாமல் போனது.

கொட்டகையில்தான் இல்லாமல் போனது.

சில வாரம் கழித்து, ஒரு மதியம், துணி மடிக்க வீட்டுக்குள் உட்கார்ந்தபோது அது மறுபடி வந்தது. தவிட்டக்கா எழுந்து சுவர்ப்பக்கம் போனாள். அந்தப் பக்கம் மாடுகள் அமைதியாக அசை போடும் சத்தம். வாசனை சுவரிலிருந்து வரவில்லை. கட்டிலிலிருந்து வந்தது. குனிந்து போர்வையை மோந்தாள். தலையணையை எடுத்து முகத்தில் வைத்தாள். மாட்டின் வாயிலிருந்து வந்த அதே வாசனை, பஞ்சுக்குள்.

"என்ன அண்ணி, என் தலையணைக்கு முத்தம் குடுக்கறீங்க?"

நாத்தனார் கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். அவள் பேசப் பேச வாசனை அறைக்குள் வந்துகொண்டிருந்தது.

பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை தவிட்டக்கா. ஆனாலும் அந்த ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது வேறு: மாட்டை விட்டுப் போனது வெளியே போகவில்லை. சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டது. அது நக்கிக்கொண்டிருந்த இடம் இந்தக் கட்டிலுக்குத்தானே நேர் பின்னால்.

பிறகு அவள் நாத்தனாரை ஒழுங்காகப் பார்த்தாள். தினமும் பார்க்கிறவர்களுக்குத்தான் எதுவும் தெரியாது. கழுத்தெலும்பு இரண்டும் குச்சிகளாக நின்றன. ரவிக்கை தோளில் நழுவியது. கன்னம் ஒட்டியிருந்தது. எப்போது இப்படி ஆனாள்? சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது. வெயில் என்று நினைத்திருந்தார்கள். நாலு மாடு கறப்பதற்குள் ரெண்டு தரம் எழுந்து போனாள். சோம்பேறித்தனம் என்று திட்டியிருந்தாள்.

பயம் போய்விட்டது. அந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது. தன் கைச்சோறு தின்கிறவள் எலும்பும் தோலுமாக நிற்கிறாள். பட்டினியின் வாசனை வீசுகிறது.

"எனக்குத் தெரியும்டி இது என்னன்னு. மருந்து நம்ம வீட்லயே இருக்கு" என்றாள்.

புருஷன் கொஞ்சம் தயங்கினான். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாமே?"

"போயி? அவங்களும் பாட்டில்தான் ஏத்துவாங்க. நம்ம மாடு எழுந்து நிக்கலையா?"

அப்படித்தான் மாட்டுக்கு வாங்கிய குளுக்கோஸ் பொடி நாத்தனாருக்கு வந்தது. சொம்பு நிறையக் கலந்து கொடுத்தாள். பழச்சாறு பிழிந்து சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். தாகத்தில் தவித்துக்கொண்டிருந்தவள் மூச்சு விடாமல் குடித்தாள். "இவ்வளவு நாளா இந்த உபசாரம் எங்க ஒளிஞ்சிருந்துச்சு அண்ணி?" என்று கேட்டாள். குடித்த சூட்டோடு மறுபடி தாகம் எடுத்தது. மறுபடி கொடுத்தாள்.

யாரைக் குற்றம் சொல்வது? ஒரு உடம்பில் சர்க்கரை இல்லை. இன்னொரு உடம்பில் சர்க்கரை நிறைந்து வழிகிறது. ஆனால் உள்ளே போகும் கதவு பூட்டிக் கிடக்கிறது. இரண்டும் பசியில் தன் கொழுப்பையே உருக்கும். இரண்டுக்கும் வாசனை ஒன்று. வெளியே நின்று மோந்து பார்க்கிறவளுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்தவரை சர்க்கரை வியாதி என்பது வயதானவர்களுக்கு, குண்டானவர்களுக்கு வருவது. இவள் ஒல்லிக்குச்சி.

அடுத்த நாள் காலை நாத்தனார் கறக்கப் போனாள். நடை தள்ளாடியது. மூளிக்காதின் அருகே குந்தி உட்கார்ந்தபோது, எப்போதும் தலையைத் திருப்பாமல் நிற்கும் அந்த மாடு கழுத்தை வளைத்தது. அவள் வாயருகே மூக்கைக் கொண்டுவந்து நீளமாக இழுத்தது. உடனே புஸ்ஸென்று சீறிக்கொண்டு, சங்கிலி விறைக்கும்வரை பின்னால் போய் நின்றது. எவ்வளவு தட்டிக்கொடுத்தும் அருகே வரவில்லை. ஒவ்வொன்றாக மற்ற மாடுகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

"எல்லாம் சேர்ந்து என்னைத் தள்ளி வெச்சிடுச்சுங்க" என்றாள் நாத்தனார். சிரிக்கத்தான் பார்த்தாள். சிரிப்பு பாதியில் வாந்தியாக வந்தது.

அதன் பிறகு அவள் எழவில்லை. கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மூச்சு மாறியது. ஆழமாக, பெரிதாக, ஒன்றன்பின் ஒன்றாக, வெகுதூரம் ஓடி வந்த மாடு விடுகிற மூச்சு. ஆனால் அவள் அசையாமல் கிடந்தாள். கூப்பிட்டால் கொஞ்சம் கழித்துத்தான் "ம்" என்றாள். கண் திறந்திருந்தது. நெற்றி சுவரில் பதிந்திருந்தது.

தவிட்டக்கா சொம்பைக் கொண்டுவந்தாள். வாய் திறக்கவில்லை என்றதும் அவளுக்குத் தெரிந்த வழியைச் செய்தாள்: மோவாயைத் தூக்கிப் பிடித்து, கடைவாயில் விரலை நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். மாட்டுக்கு மருந்து புகட்டுவது அப்படித்தான். தொண்டை அசைந்து இறங்கியது. கொஞ்சம் நெஞ்சில் வழிந்தது. வழிந்ததைத் துடைக்கக் குனிந்தபோது அந்த வாசனை முகத்தில் அறைந்தது.

கூடியிருந்தது.

அவள் கை நின்றது. மூளிக்காதுக்குக் கொடுக்கக் கொடுக்கக் குறைந்தது. இவளுக்குக் கொடுக்கக் கொடுக்கக் கூடுகிறது. நேற்று தலையணையில் இருந்தது. இன்று அறை முழுக்க நிற்கிறது. தீனி சரியில்லையென்றால் மாடு சொல்லிவிடும். அதைக் கேட்கத் தெரிந்தவள் என்றுதான் அவளுக்குப் பேர். இது என்ன சொல்கிறது? தான் ஊற்றுவதைத் தின்று எதுவோ இவளுக்குள்ளே கொழுக்கிறது.

சொம்பைக் கீழே வைத்தாள். "இந்தாங்க, டாக்டரைக் கூப்பிடுங்க" என்று வாசலைப் பார்த்துச் சொன்னாள். எந்த டாக்டர் என்று புருஷன் கேட்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர்தான்.

பக்கத்துத் தெருவில் ஒரு கன்றுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தவர், மூளிக்காதுக்குத்தான் மறுபடி வந்துவிட்டதென்று நினைத்து வந்தார். கொட்டகைப் பக்கம் நடந்தவர் வீட்டு வாசலைக் கடக்கும்போது நின்றார். மூக்கைச் சுளித்தார்.

"வீட்டுக்குள்ள எந்த மாட்டைக் கட்டியிருக்கீங்க?"

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார், கீழே இருந்த சொம்பைப் பார்த்தார், விரலை நனைத்து நாக்கில் வைத்தார். முகம் வெளுத்துவிட்டது.

"எவ்வளவு நேரமா குடுக்கறீங்க?"

"நேத்துலேர்ந்து."

"இனி ஒரு சொட்டு குடுக்காதீங்க. தூக்குங்க. என் வண்டியிலயே போலாம். நான் மாட்டு டாக்டர்மா, இதுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாது. தூக்குங்கன்னா."

வண்டியின் பின்பக்கம் கயிறும் மருந்துப் பெட்டியும் கிடந்த இடத்தில் நாத்தனாரைக் கிடத்தினார்கள். தவிட்டக்கா தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வழி முழுக்க அந்தப் பெரிய மூச்சு அவள் கையில் சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது. ஒரு தடவை நாத்தனாரின் தாடை அசைந்தது. வாயில் ஒன்றுமில்லை, எதையோ மென்றாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தாள். அந்தச் சின்ன மீட்டர் எண்ணைக் காட்டவில்லை. எண்ணுக்கு மேலே போய்விட்டது என்றுதான் காட்டியது. "கடைசியா என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டாள்.

புருஷன் தரையைப் பார்த்தான். ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒருவிதத்தில் அது உண்மையும்தான். தவிட்டக்கா சொன்னாள். குளுக்கோஸ் பொடி, சர்க்கரை, பழச்சாறு, எத்தனை சொம்பு, கடைசியாக எப்போது, எப்படி ஊற்றினேன் என்பதுவரை. குரல் உடையவில்லை. மாட்டுக்கு என்ன தீனி போட்டாய் என்று கேட்டால் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள். நர்ஸ் ஒரு முறை நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள். கடைவாயில் ஊற்றினேன் என்றதைக் கேட்டதும் ஓடிப்போய் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டாள். ஊற்றியதில் கொஞ்சம் நுரையீரலுக்குள் போயிருந்தது, ஒரு பக்கம் கரகரத்தது. அதற்கும் சேர்த்து மருந்து ஏறியது. உடம்பைக் கவனிக்கிறவர்களுக்கு அழுகையால் எந்த உபயோகமும் இல்லை. இப்படிப்பட்ட பதில்தான் தேவை.

நாத்தனார் பிழைத்தாள். கண் விழிக்க நாளாயிற்று. அதுவரை தவிட்டக்கா வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அத்தனை வருஷத்தில் முதல்முறையாக மாடுகளுக்கு வேறு கை தீனி வைத்தது. என்ன வைத்தார்கள் என்று அவள் கேட்கவேயில்லை. இன்சுலின் ஊசியைத் தொடையில் போடக் கற்றுக்கொடுத்தார்கள். இனி வாழ்நாள் முழுக்க ஊசிதான் என்றார்கள். சர்க்கரை ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து. இறங்கினால் மட்டும் இனிப்புக் கொடுக்க வேண்டும் என்றார்கள். தவிட்டக்கா அதை மூன்று தரம் திருப்பிச் சொல்லச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்த அன்று கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்திப் போடச் சொன்னாள் நாத்தனார்.

"ஏண்டி?"

"நான் அந்தப் பக்கம்தான் இருந்தேன் அண்ணி." சாதாரணமாகத்தான் சொன்னாள். "அவ்வளவு நேரமும். கொட்டகையில நின்னுட்டிருந்தேன். கழுத்துல என்னவோ இருந்துச்சு. தாகம், தாகம்னு கத்தறேன், சத்தமே வரல. நீங்க வர்றீங்க, மோவாயைத் தூக்கறீங்க, ஊத்தறீங்க. என் முகத்தை நீங்க பாக்கவே இல்ல. வாயைத்தான் பாத்தீங்க."

தவிட்டக்கா கட்டிலின் ஒரு காலைப் பிடித்து இழுத்தாள். புருஷன் மறுபக்கம் பிடித்தான். கட்டில் அறைக்கு நடுவே வந்து நின்றது.

இப்போதெல்லாம் காலையில் தவிட்டக்கா நேராகக் கொட்டகைக்குப் போவதில்லை. முதலில் அந்தக் கட்டிலுக்குப் போகிறாள். நாத்தனாரின் முகத்தை ஒரு நிமிஷம் பார்க்கிறாள். பிறகு குனிந்து, வாயருகே மூக்கை வைக்கிறாள். மீட்டர் இருக்கிறது, ஊசி இருக்கிறது, எல்லாம் இருக்கிறது, இருந்தாலும் வைக்கிறாள். நாத்தனார் விழித்துத்தான் இருப்பாள். கண்ணைத் திறக்காமல் ஹா என்று ஒரு மூச்சை ஊதிக் காட்டுவாள். தூங்கி எழுந்த வாயின் வெறும் வாடை. அதன் பிறகுதான் தவிட்டக்கா தவிட்டு மூட்டையை அவிழ்ப்பாள்.

சில நாள் நாத்தனார் வேண்டுமென்றே ஊதுவதில்லை. உதட்டை இறுக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே கிடப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் மாடுகள் தொட்டியை இடிக்க ஆரம்பிக்கும். ஒன்று கத்தினால் எல்லாம் கத்தும். தவிட்டக்கா அசைய மாட்டாள். குனிந்தபடியே காத்திருப்பாள்.